இலை ஏன் நீலமானது?

பேராசிரியர்களே, துணி வடிவமைப்புத் துறை மாணவர்களே, வணக்கம்.

காலையில் உங்கள் துறை வாசலில் மாட்டியிருந்த அச்சு வடிவங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது சட்டகத்தின் முன்னால் நின்றுவிட்டேன். வெள்ளைத் தளத்தில் வளைந்து ஏறும் ஒரு கொடி. சிவப்பிலும் ஊதாவிலும் பூக்கள். இலைகள் மட்டும் நீலம். வரைந்த மாணவி பக்கத்திலேயே இருந்தார். "இலை ஏனம்மா நீலமாக இருக்கிறது?" என்று கேட்டேன். "மாதிரிக்கு எடுத்துக்கொண்ட பழைய துணியில் அப்படித்தான் இருந்தது, மேடம். ஐரோப்பியப் பூ வடிவம். இப்போது மறுபடியும் வந்திருக்கிறது" என்றார்.

கை தேர்ந்த கை. கோடு எங்கும் தடுமாறவில்லை. எனக்குக் கொடுத்த தலைப்பு 'அச்சு வடிவங்களில் இன்றைய போக்குகள்'. எழுதி வந்த தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த நீல இலையைப் பிடித்துக்கொண்டு போனாலே தலைப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த இலை பிறந்தபோது பச்சையாக இருந்தது. சோழமண்டலக் கரையில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துணி எழுதியவர்களிடம் துணியில் நிலைத்து நிற்கும் தனிப் பச்சைச் சாயம் இல்லை. இலையை முதலில் அவுரிச் செடியின் சாயத்தில் நீலமாக்கினார்கள். கடைசி வேலையாக, அதன் மேல் தாவர மஞ்சளைத் தூரிகையால் பூசினார்கள். இரண்டும் சேர்ந்து பச்சை. அவுரி உறுதியானது. மஞ்சளோ வெயிலும் சலவையும் பட்டால் மெல்ல விடைபெற்றுக்கொள்ளும். அதனால்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய துணிகளில் பல இலைகள் நீலமாகத் தெரிகின்றன. நம் மாணவி வரைந்தது ஒரு மஞ்சள் போன இடத்தை. அவர்மீது குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் இதுதான் நேரும்.

அந்தத் துணிக்கு நம் வீடுகளிலேயே ஒரு பெயர் இருந்தது. சீட்டி. சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை. என் பாட்டி சொன்னால் மலிவான பூப்போட்ட பருத்தி என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பதும் டச்சு மொழியில் சிட்ஸ் என்பதும் இதே குடும்பத்துச் சொற்கள். அங்கேயும் அந்தச் சொல்லுக்கு இதே இறக்கம் வந்தது. 1851இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட் ஒரு துணியைப் பற்றிக் கடிதம் எழுதும்போது 'சின்ட்ஸி' என்கிறார், மட்டமாகத் தெரிகிறது என்ற பொருளில். ஒரு காலத்தில் அரசுகள் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த துணிக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், அதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். வடிவத்தின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது.

வெளுத்த பருத்தியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் ஊற வைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்துக்குப் பிடிமானம். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசியாமல் தடுக்கும். வடிவம் வரைந்த தாளில் ஊசியால் துளையிட்டு, அதைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். புள்ளிகள் விழும். புள்ளிகளைத் தொட்டுக் கலத்தால் கோடு. கலம் என்றால் கூரிய மூங்கில் எழுதுகோல். நடுவில் துணியோ கம்பளி இழையோ உருண்டையாகச் சுற்றியிருக்கும். விரலால் அதை அழுத்துகிற அழுத்தத்துக்கு ஏற்ப நீர் இறங்கும்.

இப்போது கவனியுங்கள். அந்தக் கலத்தில் நிரப்பியது சாயம் அல்ல. கருப்பு வேண்டிய இடத்தில் இரும்புத் துண்டும் வெல்லமும் புளித்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். இரும்பு நீர் கடுக்காயைத் தொட்டதுமே கருக்கும். படிகாரமோ கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீரால் வரைவது போலத்தான். பிறகு துணி முழுவதையும் சாய்வேர் கொதிக்கும் சாலில் இறக்குவார்கள். இம்புறல் வேர் என்றும் சொல்வோம். கடற்கரை மணலில் வளரும் சிறு செடி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக்காரர்கள் தங்கள் ஏகபோகமாக வைத்துக்கொண்ட வேர் இதுதான். படிகாரம் இருந்த இடமெல்லாம் சிவக்கும். படிகாரத்தை நீர்க்க வைத்திருந்தால் ரோஜா நிறம். இரும்பும் படிகாரமும் கலந்திருந்தால் ஊதா. ஒரே சாலில் மூழ்கி எழும் ஒரே துணியில் அத்தனை நிறங்கள்! வரைகிறவருக்கு வரையும்போது அவற்றில் பாதி தெரியாது. மனத்துக்குள் பார்த்துக்கொண்டுதான் வரைந்தார்கள்.

நீலத்துக்கு வேறு வழி. நீலம் ஏறக் கூடாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். சிவப்புப் பூவின் இதழுக்குள் மயிரிழை போல ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பழைய துணிகளில் பார்த்திருப்பீர்கள். அவையும் மெழுகுக் கோடுகள்தான். பூவுக்குள் பூ, இலைக்குள் கட்டம் என்று அந்த வடிவங்கள் ஏன் அப்படி நுணுகிக்கொண்டே போகின்றன என்று கேட்டால், கையில் மெழுகும் கலமும் இருந்தன, அவற்றால் அது முடியும், அதனால் செய்தார்கள் என்பேன்.

வடிவம் மட்டும் முழுக்க நம்முடையதா? அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். 1643இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பும் போர்வைகளின் சிவப்புத் தளம் சோர்வாக இருக்கிறது, இங்கே அவ்வளவாக விரும்புவதில்லை, இனி வெள்ளைத் தளம் கூடுதலாக இருக்கட்டும், பூவையும் கொடியையும் ஓவியர் விருப்பப்படி வண்ணத்தில் போடட்டும் என்கிறார்கள். இன்று வாங்குவோர் அனுப்பும் மின்னஞ்சலுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. கப்பல் போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆன காலத்தில் இது நடந்தது. அந்தப் போர்வைகளில் பாறை மேட்டிலிருந்து எழும் பெரிய மரம் பாரசீகத்தையும் சீனத்தையும் ஐரோப்பாவையும் நினைவூட்டும். எழுதியவர்கள் பார்த்தேயிராத தோட்டத்துப் பூக்களை, கைக்கு வந்த மாதிரித் தாளைப் பார்த்து, தங்கள் கைப்பழக்கத்தில் வரைந்தார்கள். உலகத்தில் எந்தச் செடியிலும் பூக்காத பூக்கள் அப்படிப் பிறந்தன. ஜப்பானுக்குப் போன துணிக்கு வேறு வடிவம், இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனதற்கு வேறு வடிவம். இரண்டு இடத்திலும் அதற்கு சரசா என்று பெயர்.

ஐரோப்பா மயங்கியது. துவைத்தாலும் போகாத நிறத்தைப் பருத்தியில் அவர்கள் அதுவரை கண்டதில்லை. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதிக்கு எதிராகவும் 1721இல் உடுத்துவதற்கு எதிராகவும் சட்டம் செய்தது. 1719இல் லண்டன் தெருக்களில் பூப்போட்ட பருத்தி அணிந்த பெண்களின் உடையை நெசவாளர்கள் கிழித்தார்கள். அவர்களின் பசியும் உண்மைதான். ஆனால் அந்தத் தடையின் நிழலில்தான் ஐரோப்பிய அச்சுத் தொழில் பழகிக்கொண்டது.

பழகுவதற்குப் பாடம் இங்கிருந்து போனது. 1742இல் கூர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, நான் இப்போது சொன்ன முறையைப் படிப்படியாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பிற்பாடு எடுத்துச் சொன்னவரும் இவரே. பெரிய அறிஞர். அவருக்குப் பாடம் சொன்ன சாயக்காரர்களின் பெயரை யாரும் கொண்டாடுவதில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், வெர்சேய்க்கு அருகே ஜூயி என்ற ஊரில் ஒபர்காம்ப் தம் அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். பிறகு செப்புத் தகட்டு அச்சு, 1783இல் தாமஸ் பெல் காப்புரிமை பெற்ற உருளை அச்சு, 1860களின் இறுதியில் வேரே தேவையில்லாத அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம். மலிவு வந்தது. மலிவோடு 'சின்ட்ஸி' என்ற சொல்லும் வந்தது. 1996இல் ஐகியா என்ற அறைகலன் நிறுவனம் பிரிட்டனில் 'உங்கள் சின்ட்ஸைத் தூக்கி எறியுங்கள்' என்றே விளம்பரம் செய்தது. இப்போது அதே பூக்கள் திரும்ப வருகின்றன, நீல இலையோடு.

உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவிதான் வடிவத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. கையால் எழுதிய பெரிய போர்வையில் எதுவும் திரும்ப வர வேண்டியதில்லை. அடி முதல் நுனி வரை ஒரே மரம். அச்சுக்கட்டை வந்ததும் கட்டையின் அகலத்துக்குள் பூ அடங்க வேண்டும். பிறகு வந்த ரோட்டரி ஸ்கிரீன், சுழலும் உருளையால் அச்சிடும் முறை. அந்த உருளையின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீட்டர். ஆகவே சரியாக 64இலோ, அதை மீதியின்றி வகுக்கும் அளவிலோ உங்கள் கொடி முடிந்து மறுபடி தொடங்க வேண்டும். நான் வேலை செய்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அந்த 64க்குள்தான் கழிந்தன. இன்று டிஜிட்டல் அச்சில் அந்தக் கட்டு இல்லை. பல மீட்டருக்கு ஒரே மரத்தை வளர்க்கலாம். ஆனாலும் வாசலில் மாட்டியிருந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமே பழைய ரிப்பீட்டுக்குள், அதாவது வடிவம் திரும்பத் திரும்ப வரும் அந்த அளவுக்குள், அடங்கியிருந்தன. இல்லாத உருளைக்கு ஏன் பயந்து வரைகிறீர்கள்?

சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு ஒருமுறை போய்வாருங்கள். கும்பகோணத்திலிருந்து அதிகத் தொலைவு இல்லை. கோயில் விதானங்களுக்கும் தேர்த் தொம்பைகளுக்கும் இன்னும் அங்கே கலத்தால் எழுதுகிறார்கள். இந்த எழுத்துத் துணிக்குக் கருப்பூர்க் கலங்காரி என்று பெயர். அதற்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கோடு எந்த இடத்தில் தடிக்கிறது, ஏன் தடிக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும்.

இந்த மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. கடுக்காயும் பாலும் ஏற்றியதால் சற்றே பழுப்பாகத் தெரியும். மூன்று நாளுக்கு முன் இதில் படிகார நீரால் ஒரு கொடி வரைந்து உலர்த்தினேன். முன் வரிசையில் இருப்பவர்கள்கூட எதையும் பார்க்க முடியாது. சாய்வேர் கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்ற வேறொரு சாய வேரை வாங்கி வந்திருக்கிறேன். படிகாரம் பட்ட இடத்தை அதுவும் சிவக்க வைக்கும். பின்கட்டில் அடுப்பு மூட்டியாகிவிட்டது, பாத்திரம் சூடேறிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வாருங்கள். மூன்றாவது சட்டகத்துக்காரர் முன்னால் வாருங்கள், அம்மா. துணியை நீங்கள்தான் இறக்கப் போகிறீர்கள்.