டியன் பியன் பூவை வென்றது தளபதியின் திட்டமா, மக்களின் தோளா? மக்களின் தோளே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அண்ணன் கேட்டார், "சைக்கிள் தள்ளியவர்களா பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள்? அப்படியென்றால் எங்கள் தெரு பால்காரரும் தளபதிதான்!" கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி அண்ணே, அந்த சைக்கிளையே எடுத்துக்கொள்வோம்.

1954. வியட்நாமின் வடமேற்கில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, அதுதான் டியன் பியன் பூ. உள்ளே இருக்கும் பிரெஞ்சுப் படைக்கு விமானத்தில் சோறு வருகிறது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து மலைமேல் முற்றுகை போட்டிருக்கும் வியட்நாம் படைக்கு? அதற்குத்தான் சைக்கிள். அதில் ஏறி உட்காரவே முடியாது. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில் கழி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழி, நடுவில் 200 கிலோ அரிசி, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். எங்கே? மலைப்பாதையில். எப்போது? பெரும்பாலும் இரவில், பகலில் தலைமேல் குண்டு விழும். 200 கிலோ அண்ணே! நம் வீட்டுக்கு வருகிற 25 கிலோ சிப்பத்தில் எட்டு! 300 கிலோவுக்கு மேல் ஏற்றியவர்களும் உண்டு. இப்படி சுமார் 20,000 சைக்கிள். தள்ளியவர், சுமந்தவர், பாதை போட்டவர் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் பேர், அதில் பெண்கள் ஏராளம். பால்காரர் மாதிரி ஆட்கள்தான் அவர்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"ஜனவரியில் தாக்குதலை நிறுத்தி பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னாரே வியட்நாம் படையின் தளபதி ஜெனரல் கியாப், அது அறிவில்லையா" என்றும் கேட்டார்கள். அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் உத்தரவு ஒரு வரி. இரண்டு டன் பீரங்கியைக் கயிறு கட்டிக் கையாலேயே மேலே ஏற்றியவர்கள், அதைத் திரும்ப இறக்கி, அப்புறம் மறுபடியும் ஏற்றினார்கள். அப்படி இறக்கும்போது ஒரு சரிவில் கயிறு அறுந்து பீரங்கி உருள ஆரம்பித்தது. தோ வின் தியன் என்ற வீரர் சக்கரத்துக்கு அடியில் தன் உடம்பைக் கொடுத்து அதை நிறுத்தினார். பீரங்கி பிழைத்தது, அவர் பிழைக்கவில்லை. எந்தத் தளபதி அண்ணே அவருக்கு அதைத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தார்?

மார்ச் 13 அன்று மலையிலிருந்து குண்டுகள் விழுந்தன. மே 7-ல் அந்தத் தளம் வீழ்ந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனாவை, அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியாவைப் பற்றிப் பேச உலக நாடுகள் உட்கார்ந்தன. அந்த மேஜையில் அரிசி தள்ளிய ஒரு தாய்க்குக்கூட நாற்காலி இல்லை ஐயா! பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மலையேறியவள் அவள். நடுவர் அவர்களே, இன்று நீங்களாவது தீர்ப்பில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.