சீத்தாப்பழப் படத்தை மறுபடி அச்சிட்டுத் தர முடியாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சேலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சீத்தாப்பழ அச்சுப்படம் தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். படம் செதுக்கிய அச்சுக்கட்டை உங்களிடம்தானே இருக்கிறது? இன்னும் பத்துப் பிரதி போட்டுத் தந்தால் என்ன?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

கட்டை இருக்கிறது ஐயா. ஆனால் அதில் இப்போது பழம் இல்லை.

லினோ அச்சு நம் பழைய நேயர்களுக்குத் தெரிந்ததுதான். தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியம் என்ற மெத்தென்ற தகட்டைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்துவது. 1930-இல் வங்க ஓவியர் நந்தலால் போஸ், கையில் தடியோடு நடக்கும் காந்தியைச் செய்தாரே, அந்த வேலை. அது கறுப்பு ஒன்றே. கட்டை தேயும்வரை போடலாம். சீத்தாவுக்கு நான் எடுத்துக்கொண்டது வேறு முறை. எல்லா நிறமும் ஒரே கட்டையில். முதலில் எல்லாத் தாள்களிலும் வெளிர் மஞ்சள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய கோடுகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதன் மேல் இளம்பச்சை. இன்னும் செதுக்கிவிட்டுக் கரும்பச்சை. கடைசியில் கட்டையில் மிஞ்சுவது நிழல் விழும் சில திட்டுகள் மட்டும். ஆகவே முதல் நிறம் போடும்போதே எத்தனை தாள் என்று முடிவு செய்துவிட வேண்டும். படத்தின் கீழே பென்சிலில் 7/20 என்று இருந்தால், இருபதில் ஏழாவது என்று பொருள். இருபத்தொன்றாவது கிடையாது.

ஆனால், அந்தப் படத்தில் சீத்தாப்பழம் ஏன் குவியலாக இருக்கிறது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் எனக்கு ஆசை!

மதுரையில் ஆவணி, புரட்டாசியில் அழகர்மலை, நத்தம் பக்கத்துச் சீத்தா கூடை கூடையாக வந்து இறங்கும். தெருவோரம் விற்கும் அக்கா எடை போடுவதில்லை. சாக்கை விரித்துக் கூறு கட்டி வைப்பார். அடியில் மூன்று, மேலே ஒன்று. அந்த மேல் பழத்தைக் கூர்ந்து பாருங்கள். கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு, பள்ளங்களில் மஞ்சள் ஓடியிருக்கும். இன்றைக்கே சாப்பிட வேண்டிய பழம். அடியில் இருப்பவை இறுகிய பச்சை, நாளைக்கும் மறுநாளைக்கும். அந்தப் பள்ளத்து மஞ்சள்தான் நான் முதலில் போட்ட நிறம். அடுக்கு முழுவதும் அந்த அக்காவுடையது. அதில் ஒரு பழத்தைக்கூட நான் நகர்த்தவில்லை.

எப்போதும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன்: பழத்தை அதன் பருவத்தில், விற்கிற இடத்தில் வைத்து வரையுங்கள். விளாம்பழத்தை மேசையில் வைத்து வரைந்தால் வெறும் உருண்டை. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் கடைத்தெருவில் பாருங்கள்: ஈரம் காயாத களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, பக்கத்தில் சாம்பல் ஓட்டோடு விளாம்பழம். எந்த மாதம் என்று படத்திலேயே தெரிந்துவிடும். பங்குனி, சித்திரையில் கொடுக்காப்புளியும் அப்படித்தான்; வெடித்த சுருளும் உள்ளே தெரியும் வெள்ளையும் குவியலாக இருந்தால்தான் அழகு.

சேலத்து நண்பரே, ஆவணியில் புதிதாக ஒரு சீத்தா செதுக்குவேன். அது வேறு கூறு, வேறு படம். அதுவரை பொறுக்க முடியாது என்றால் நாவல்பழப் படம் இருக்கிறது. அதை நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கினேன். கேட்டால் இன்னும் பத்து என்ன, இருபதும் போட்டுத் தருகிறேன்.