பழைய இன்ஜினின் பூர்வீகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கிளாசிக் காருக்கு செகண்ட்ஹேண்ட் இன்ஜின் பார்க்கப் போனால், "வண்டியோட வந்த இன்ஜின்தான், பிரிச்சதே கிடையாது" என்று விற்பவர் சத்தியம் செய்வார். சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜினின் முக்கிய உடலான சிலிண்டர் பிளாக்கைப் பாருங்கள். எப்போது வார்த்தார்கள், எந்த மாடலுக்காகப் பூட்டினார்கள், எத்தனை முறை பட்டறைக்குப் போய் வந்தது என்பதில் பெரும்பகுதி அதிலேயே இருக்கும்.

பிளாக்கில் புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பு அச்சிலேயே வந்தவை. வார்ப்பு எண், வார்ப்புத் தேதி இரண்டும் இந்த வகை. குழிந்திருக்கும் எழுத்துகள் இன்ஜினைப் பூட்டிய பிறகு அடித்தவை. புடைத்ததை மாற்றுவது கஷ்டம். குழிந்ததை மாற்றுவது சுலபம். அதனால் புடைத்ததை முதலில் படியுங்கள்.

படிப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டுமே, அங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதும் எமரி தாள் போடுவதும் கூடவே கூடாது. அடித்த எண்ணின் ஆழம் மிகக் குறைவு. ஒரு தேய்ப்பில் பாதி போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவர் தடவிக் காத்திருங்கள். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிகள் தெரியும். மேலே மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படியும் எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் 3 என்பது 8 ஆகத் தெரியலாம். பென்சில் படியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இப்போது ஓர் உதாரணம். குறித்துக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். 1955-இல் வந்த செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8, அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின். வார்ப்பு எண் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் இருக்கும். வார்ப்புத் தேதி ஓர் எழுத்தும் சில இலக்கங்களும். 'சி 14 9' என்றால், ஏ ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். ஆக மார்ச் 14. கடைசி 9, ஆண்டின் கடைசி இலக்கம். 1969-ஆ, 1979-ஆ? அது சொல்லாது. 3970010 என்ற பிரபலமான வார்ப்பு எண் எழுபதுகள் முழுக்கப் புழங்கியதால் அதுவும் கைகொடுக்காது. வலதுபக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) முன்னால், மட்டமாகச் சீவிய சிறு திட்டு ஒன்று இருக்கும். அதில் தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, பூட்டிய மாதமும் தேதியுமாக நான்கு இலக்கம், கடைசியில் இன்ஜின் ரகத்தைச் சொல்லும் எழுத்துகள். 1969 வரை ரக எழுத்து ஒன்றோ இரண்டோ, 1970-இலிருந்து மூன்று. இங்கே தீர்ந்தது சந்தேகம். ஃபோர்டில் வரிசையே வேறு: ஆண்டு முதலில், பிறகு மாத எழுத்து, பிறகு நாள். '5சி12' என்றால் மார்ச் 12, 1965. இங்கேயும் ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1975-ஆகவும் இருக்கலாம்.

தேதிகளைக் கோத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மலிவான, மிக வலுவான சோதனை. முதலில் வார்ப்பு, அடுத்து பூட்டிய நாள், கடைசியில் கார் வெளிவந்த நாள். கார் ஏப்ரலில் வெளிவந்திருக்க, பிளாக் அதே ஆண்டு ஜூனில் வார்த்தது என்றால் அந்த இன்ஜின் அந்தக் காரோடு பிறந்ததல்ல. எத்தனை ரசீது காட்டினாலும் அல்ல.

சீவிய திட்டில் எண்ணே இல்லாவிட்டால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். ஹெட் உட்காரும் முகத்தை மட்டம் சீவும்போது அந்தத் திட்டும் சேர்ந்து சீவப்படும். தொழிற்சாலையில் சீவிய திட்டில் முன்பின்னாக ஓடும் நுண்ணிய நேர்க்கோடுகள் இருக்கும். பட்டறையில் சுழலும் கட்டரால் சீவினால் வளைவுக் கோடுகள் விழும். வளைவுக் கோட்டின் மேல் 'தொழிற்சாலை எண்' பளிச்சென்று இருந்தால், அது யாரோ பின்னால் அடித்தது.

எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் வரும், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜினில் சிக்கல் வேறு. எண் பிளாக்கில் இல்லை, ரிவெட் அடித்த தகட்டில் இருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடிக்க அரைமணி நேரம் போதும். ஆனால் தகடு சொல்வதைச் சோதிக்க வழி உண்டு. எண் 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று. 1964 அக்டோபரில் வந்த 18ஜிபி-யிலிருந்து ஐந்து. இன்ஜினின் அடியிலிருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். தங்க நிறப் பெயின்ட்டின் மிச்சம் தெரிந்தால் அது 'கோல்டு சீல்' எனும் மாற்று இன்ஜினாக இருக்கலாம், அதாவது கம்பெனியே புதுப்பித்துக் கொடுத்தது. ஒரிஜினல் இல்லை, ஆனால் மோசமும் இல்லை.

ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் எண் பிளாக்கிலும் ஹெட்டிலும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஹெட் மாறியிருக்கிறது. அலுமினிய ஹெட் அரித்துப்போவது சகஜம் என்பதால் இதை ஒரு குற்றமாக நினைக்க வேண்டியதில்லை. விலையில் மட்டும் பேசிக்கொள்ளலாம்.

"பிரிச்சதே கிடையாது" என்பதற்கு வருவோம். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையில் 020, 030 என்று அடித்திருக்கிறதா பாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 30 பங்கு பெரிதாக சிலிண்டரைக் குடைந்திருக்கிறார்கள் என்று பொருள். குறி தேய்ந்திருந்தால், உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளக்கலாம். எம்ஜிபி 1798 சிசி இன்ஜினில் சிலிண்டர் உள்விட்டத்தின் மூல அளவு 80.26 மி.மீ. பிஸ்டன் ரிங் உரசாத அடிப்பகுதியில் 80.77 வந்தால் ஒருமுறை 20 குடைந்தாயிற்று. மேலே மட்டும் அளந்தால் தேய்மானத்தைக் குடைச்சல் என்று தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

மூல அளவே வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். சிலிண்டர் வாயைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரிந்தால், பழைய குழாய்க்குள் லைனர் எனும் மெல்லிய குழாயை இறக்கி மூல அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கிராங்க்கைச் சுற்றி அமர்ந்திருக்கும் வளைந்த பேரிங் ஷெல்லைக் கழற்றி முதுகைப் பாருங்கள். அங்கே 010, 020 என்றிருந்தால் கிராங்க்கை அந்த அளவுக்குக் கடைந்து மெலிதாக்கியிருக்கிறார்கள். சிலிண்டர் மூல அளவு, கிராங்க் மட்டும் 20 கடைந்தது என்றால், ஒரு காலத்தில் ஆயில் இல்லாமல் ஓடியிருக்குமோ என்று சந்தேகப்படுவது நியாயம். ஆயில் பம்ப்பையும் ஆயில் வழிகளையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

காகிதங்களில், பட்டறை ரசீதுகளை பிஸ்டன், பேரிங் குறிகளோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய எம்ஜி, ஆஸ்டின், மாரிஸ் ஆவணங்களிலிருந்து சான்றிதழ் தருகிறது. கேட்க வேண்டியது காரின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு.

எண்ணை வேண்டுமென்றே அரைத்து அழித்த பிளாக் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். எண் அடித்த இடத்தில் அடியிலிருக்கும் உலோகமும் நசுங்கியிருப்பதால், தடயவியல் கூடத்தில் அமிலம் தடவி அதை மீட்டுவிட முடியும். மற்றபடி எல்லாம் சரியாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் எண்ணைத் திருட்டு வாகனப் பதிவுகளில் சரிபார்த்து, வார்ப்பு எண், தேதி, அடித்த எண் மூன்றையும் விற்பனை ரசீதில் எழுதவைத்து, அந்தப் பென்சில் படியில் விற்பவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.