லஹைனாவின் நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

‘ஆல் போல் தழைத்து, அறுகு போல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அப்படி ஓர் ஆலங்கன்று 1873இல் இந்தியாவிலிருந்து ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது அதன் உயரம் எட்டடி. மௌயி தீவின் லஹைனா என்ற கடற்கரை ஊரில், பழைய நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அதை நட்டார்கள். விழுதுகள் இறங்கி அடிமரங்களாகி, ஊரே கூடும் நிழலானது. 2023 ஏப்ரலில் அந்த மரத்துக்கு 150ஆவது ஆண்டு விழா எடுத்தார்கள்.

நான்கே மாதம். ஆகஸ்ட் 8 காலையில், பலத்த காற்றில் அறுந்து கிடந்த மின்கம்பியில் மறுபடி மின்சாரம் பாய்ந்து, காய்ந்த புல் பற்றிக்கொண்டது. அணைந்துவிட்டது என்று எண்ணிய தீ பிற்பகலில் மீண்டும் கிளம்பியது. மலையிலிருந்து இறங்கிய காற்று அதை ஊருக்குள் தள்ளியது. அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை. வழியடைபட்டவர்கள் கடற்சுவரைத் தாண்டிக் கடலில் குதித்து, மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தார்கள். 102 பேர் மாண்டார்கள். சுமார் 2,200 கட்டடங்கள் அழிந்தன.

காட்டுத்தீ என்கிறோம். ஆனால் அங்கே எரிந்துகொண்டு வந்தது காடு அல்ல. கரும்புத் தோட்டங்கள் கைவிட்ட நிலத்தில் மண்டிய வெளிநாட்டுப் புல்.

லஹைனா ஒரு காலத்தில் நீர் நிறைந்த ஊர். ஹவாய் அரசின் தலைநகர். மோகுஹினியா என்ற பெரிய குளமும், அதன் நடுவே மோகுவுலா என்ற தீவில் அரசர் வாழ்ந்த இடமும் இருந்தன. கரும்புக்காக மலை ஓடைகளைத் திருப்பினார்கள். குளம் சேறாயிற்று, பிறகு தூர்த்து விளையாட்டுத் திடலாக்கினார்கள். 1999இல் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. மிஞ்சியது புல்தான். நீரை இழந்த நிலம் என்றாவது ஒருநாள் நெருப்புக்கு இரையாகும் என்பதை இவ்வளவு கொடூரமாகவா அந்த மக்கள் பார்க்க வேண்டும்?

ஓராண்டு நினைவு நாளில் அலைச்சறுக்குப் பலகைகளிலும் படகுகளிலும் கடலுக்குள் போய், வட்டமாகக் கூடி, இறந்தவர்களை நினைத்தார்கள். அன்று பலருக்கு உயிர் கொடுத்ததும் அந்தக் கடல்தானே.

ஆலமரம் கருகி நின்றது. லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வேருக்கு உரக் கரைசல் விட்டார்கள். செப்டம்பரில் தளிர் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நம் மண்ணின் மரமல்லவா!

ஆனால் லஹைனாவுக்கு அதைவிடப் பழைய நிழல் ஒன்று உண்டு. சீமைப்பலா, இலங்கை நேயர்கள் ஈரப்பலா என்பீர்கள். ‘லேலேயின் சீமைப்பலா நிழல்’ என்றே அந்த ஊருக்குப் பழைய பெயர்; லேலே என்பதும் லஹைனாதான். அந்தத் தோப்புகளும் கரும்பு வந்தபின் அழிந்தவைதான். எஞ்சிய மரங்களில் பல தீயில் கருகியபோது, சிலவற்றின் வேர் மண்ணுக்கடியில் உயிரோடிருப்பதைக் கண்டு, வேர்க்கன்றுகளை எடுத்து வளர்க்கிறார்கள். வீடு கட்டும்போதே வாசலில் அதை நட வேண்டும் என்கிறார்கள் அங்குள்ள ஹவாய்க் குடிகள். ஓடைநீரைக் கீழே விடுங்கள், தூர்த்த குளத்தைத் திரும்பத் தோண்டுங்கள் என்றும் கேட்கிறார்கள். தீக்கு முன்பே, பல ஆண்டுகளாகக் கேட்டுவந்ததுதான்.

வணக்கம்.