தீர்ப்பு வரட்டும், மாலை மட்டும் இப்போதேயா?

(காட்சி: சேரம்பாடி. தேயிலைக் காட்டின் மேல் மூடுபனி. பின்னணியில் தகரக் கூரை மழைச் சத்தம்.)

வணக்கம். நீலகிரி மலையில் சேரம்பாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழைதான். நம் பந்தலூர்ப் பக்கம் ஜூலையில் மழைச் சத்தம் இல்லாமல் வீடியோ எடுக்க நினைத்தால் டிசம்பர் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அப்படியே எடுத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டீக்கடையில் ஓர் அண்ணன் என்னை மடக்கினார். மதக் கலவரத்தில் பெயர் அடிபட்ட ஓர் அரசியல்வாதிக்கு எங்கோ சிலை வைக்கிறார்களாம், சிலர் கறுப்புக்கொடி காட்டினார்களாம். "கேஸே நிரூபணமாகல. மாலை போட்டா இவங்களுக்கு என்ன தம்பி? தீர்ப்பு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். கடையில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அங்கேயே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பதில்தான் இந்த வீடியோ.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கப்பல் துறை.)

முதலில் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கதை. எங்கள் குடும்பம் சிலோன்காரக் குடும்பம். இந்தப் பக்கம் பாதி வீடுகள் அப்படித்தான். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையகத் தமிழர்களை இரண்டு நாடுகளும் தலையெண்ணிப் பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976-இல் அதுதான் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அம்மாயி மாத்தளைப் பக்கம் கொழுந்து பறித்தவர். இந்தியா வருவதற்கான பத்திரம் கையில் இருந்தும் வர மனமில்லாமல் இருந்தவரை 1977 ஆகஸ்ட் கிளப்பிவிட்டது. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள், ராத்திரி முழுக்கத் தேயிலைச் செடிக்குள் படுத்திருந்தோம் என்பார். அதற்குமேல் சொல்ல மாட்டார். அப்புறம் தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், சேரம்பாடி.

தமிழர்கள் மீதான அந்த ஆகஸ்ட் கலவரம், ஜே.ஆர். ஜெயவர்த்தனே இலங்கையில் பதவிக்கு வந்து சில வாரங்களிலேயே நடந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோதும் அவர்தான் ஜனாதிபதி. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியதாகப் பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். 24-ஆம் தேதி இரவு தொடங்கியதற்கு அவர் தொலைக்காட்சியில் தோன்றியது 28-ஆம் தேதி. செத்தவர்களுக்கு ஓர் அனுதாப வார்த்தைகூட அந்தப் பேச்சில் இல்லை. தடுக்கத் தவறினார் என்பதில் தொடங்கி, நடக்கவே விட்டார் என்பது வரை அவர்மேல் குற்றச்சாட்டு உண்டு. எந்த நீதிமன்றத்திலும் அவர் இதற்காக நின்றதில்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1984 ஜூன் 18, வாஷிங்டன். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அவரை அரசு விருந்தினராக வரவேற்கிறார். இவர் ஒரு யானைக்குட்டியைப் பரிசாகக் கொடுக்கிறார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. யானைக்குட்டி நிஜமாகவே அழகாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

(காட்சி: கமகுரா, பெரிய புத்தர் சிலை.)

இன்னொன்று இருக்கிறது. ஜப்பானில் கமகுரா என்ற ஊரில் ஒரு பெரிய புத்தர் சிலை. அந்தக் கோயில் வளாகத்தில் 1991-இல் ஜெயவர்த்தனேவுக்கு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். காரணம் 1951: உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போட்ட சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவர், ஜப்பானிடம் இலங்கை நஷ்டஈடு கேட்காது என்று சொல்லி, பௌத்த நூலான தம்மபதத்திலிருந்து ஒரு வரி எடுத்துப் பேசினார். பகையால் பகை தணியாது, அன்பால்தான் தணியும் என்ற வரி. கல்லிலும் அதைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

ஜப்பான்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோற்று நொறுங்கிக் கிடந்த நேரத்தில் கை கொடுத்தவருக்கு நன்றி சொன்னார்கள். அவர்கள் கண்ணில் 1951 இருக்கிறது. அம்மாயி கண்ணில் 1977 இருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல வசனம்தான், யாரு சொன்னது?" என்றார். புத்தர் என்றேன். "அதானே" என்று கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, பம்பாய்க்கு வருவோம். டீக்கடை அண்ணன் கேட்ட கேள்விக்கு நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

(திரையில் எழுத்து: 2012 நவம்பர் 18, சிவாஜி பார்க், மும்பை)

சிவசேனா கட்சியைத் தொடங்கிய பால் தாக்கரே முந்தின நாள் இறந்திருந்தார். முழு அரசு மரியாதை, 21 குண்டுகள் முழங்க இறுதிச் சடங்கு. லட்சக்கணக்கில் கூட்டம். அவர் முதல்வராகவோ அமைச்சராகவோ எம்.எல்.ஏ.வாகவோ ஒரு நாளும் இருந்தவர் இல்லை. அரசு மரியாதை கொடுத்தது அவருடைய கட்சி அரசும் இல்லை. காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் சேர்ந்த கூட்டணி அரசு. மராத்திக்காரர்களுக்கு வேலையும் தன்மானமும் வாங்கிக் கொடுத்தவர், கலவரத்தில் எங்களைக் காத்தவர் என்று அவரைக் கும்பிடுகிற வீடுகள் மும்பையில் ஏராளம். அந்தக் கூட்டம் காசு கொடுத்துச் சேர்த்த கூட்டம் இல்லை.

ஆனால் காகிதத்தில் இருப்பதைப் பாருங்கள். 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களில் மும்பையில் 900 பேர் செத்தார்கள்: 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மீதிப் பேர் மற்றவர்களும் அடையாளம் தெரியாதவர்களும். விசாரிக்க நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன். நடுவில் 1996-இல் சிவசேனா, பா.ஜ.க. அரசு கமிஷனையே கலைத்துவிட்டு, சில மாதத்தில் திரும்ப உயிர் கொடுத்தது. 1998-இல் அறிக்கை வந்தது. ஜனவரி தாக்குதல்களில் தாக்கரே தேர்ந்த தளபதியைப் போல ஆட்களை நடத்தினார் என்று அதில் எழுதியிருந்தது. மாநில அரசு அறிக்கையை ஏற்கவில்லை. கமிஷன் அறிக்கை தீர்ப்பு ஆகாது, யாரையும் உள்ளே தள்ளாது.

2000 ஜூலையில் போலீஸ் அவரைக் கைது செய்தது. 1993-இல் அவருடைய 'சாம்னா' பத்திரிகையில் வந்த தலையங்கங்களுக்காக. வழக்குப் போடுவதற்கான காலம் கடந்துவிட்டது என்று மாஜிஸ்ட்ரேட் அன்றைக்கே விட்டுவிட்டார். ஏழு வருஷம் தூங்கியது அரசு. பலன் போனது அவருக்கு.

இன்னொரு சமாச்சாரம் பலருக்கு மறந்தே போய்விட்டது. 1987-இல் வில்லே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டார் என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-இல் உறுதியானது. அதன்படி ஆறு வருஷம் அவருடைய ஓட்டுரிமை பறிக்கப்பட்டது. 2001 டிசம்பர் வரை ஓட்டுப் போட முடியாத ஒரு மனிதருக்கு 2012-இல் அரசே 21 குண்டு முழக்கியது.

அடுத்த கட்டத்தைத்தான் நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த வார இறுதியில் மும்பை முழுக்கக் கடையடைப்பு. பக்கத்தில் பால்கர் என்ற ஊரில் 21 வயதுப் பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினார். தினமும் எத்தனையோ பேர் சாகிறார்கள், உலகம் நிற்பதில்லை. மரியாதை தானாக வரவேண்டும், கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. பகத்சிங்குக்கு எப்போது கடைசியாக இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம்? இதுதான் சாரம். தாக்கரே பெயர்கூட அதில் முக்கியமாக இல்லை. தோழி ஒருவர் லைக் போட்டார். 19-ஆம் தேதி இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. எழுதிய பெண்ணின் மாமாவின் மருத்துவமனையை ஒரு கும்பல் போய் அடித்து நொறுக்கியது.

நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. வழக்கைக் கைவிட்டார்கள், போலீஸ் அதிகாரிகள் இரண்டு பேர் சஸ்பெண்ட். அதோடு முடியவில்லை. அந்தக் கைதைப் பார்த்துக் கொதித்த ஒரு சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கு நீங்களும் நானும் அந்தப் பிரிவுக்குப் பயப்படாமல் பேசுகிறோம் என்றால், ஒரு மரியாதையை ஏன் என்று கேட்ட அந்த நாலு வரிதான் தொடக்கம்.

(காட்சி: டீக்கடை. கண்ணாடி கிளாஸில் டீ.)

இப்போது அண்ணனுக்குப் பதில். தீர்ப்பு வரட்டும் என்கிறீர்கள். வரட்டும். எவ்வளவு நாள்? 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அரசுக் கணக்கே 2,733. அதில் பெயர் அடிபட்ட காங்கிரஸ்காரர் சஜ்ஜன் குமார். 1991-லும் 2004-லும் எம்.பி. ஆனார். டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில். முப்பத்துநாலு வருஷம். நடுவில் அவர் கழுத்தில் விழுந்த மாலைகளை யார் திரும்ப எடுப்பது?

எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். குஜராத்தில் மாயா கோட்னானி அமைச்சராக இருந்தவர். 2002 கலவரத்தில் நரோடா பாட்டியாவில் 97 பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2012-இல் 28 வருஷம் தண்டனை. 2018-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆகவே "குற்றம் சாட்டப்பட்டவர்" என்ற சொல் எந்தப் பக்கமும் சாயலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பும்போது சந்தேகத்தின் பலன் அவருக்குப் போகவேண்டும். சட்டம் அப்படித்தான், நியாயமும் அதுதான். சிலை வைக்கும்போது அந்தப் பலன் ஏன் அவருக்கே போகவேண்டும்? சிலை இல்லாவிட்டால் அவருக்கு எந்த உரிமையும் போகவில்லை. வைத்தால், வீடு எரிந்தவர் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். தீர்ப்பு வரும்வரை எதிர்ப்பு காத்திருக்கட்டும் என்றால் மாலையும் கூடவே காத்திருக்கட்டும்.

எதிர்ப்பதெல்லாம் வடக்கத்திப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் சிலைச் சத்தியாகிரகம் நடந்தது. ஜெனரல் நீல் 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரமாகப் பழிவாங்கியவர். அரசியல்வாதி இல்லை, ராணுவக்காரர். கடலூர் அஞ்சலை அம்மாள் சிறுமியான தன் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் போராடினார். சிலை உடனே போகவில்லை. பத்து வருஷம் கழித்து, 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு அருங்காட்சியகத்துக்குப் போனது.

(காட்சி: ஊட்டி சேரிங்கிராஸ், ஆடம்ஸ் நீரூற்று.)

நம் மலையிலும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இந்த நீரூற்று 1881-இல் ஊட்டியில் இறந்துபோன கவர்னர் ஆடமின் நினைவு. யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லாப் பழைய பெயரையும் பிடுங்கச் சொல்லவில்லை.

ஆனால் நாளைக்கு நெல்லியாளத்தில் ஒரு சமுதாயக் கூடத்துக்கு, கலவரத்தில் பெயர் அடிபட்ட ஒருவரின் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யலாம்?

யார் முடிவெடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். நகராட்சி என்றால் மன்றத்தில் தீர்மானம் இருக்கவேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். சேரங்கோடு மாதிரி ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எழுந்து பேசுங்கள், பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் போடாதீர்கள். சிலை என்றால் இன்னும் சுலபம்: சாலையிலும் நடைபாதையிலும் புதிதாகச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி மனு கொடுக்கலாம். இங்கிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகவே பாதி நாள் காலி, அதனால் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். ஆர்ப்பாட்டம் என்றால் ஊட்டி ஏ.டி.சி. சுதந்திர திடல், போலீஸ் அனுமதியை முன்னாலேயே எழுதிக் கேட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டியில் என்ன எழுதுவது என்பதுதான் பெரும்பாலும் சொதப்புகிற இடம். தண்டனை பெறாதவரை "கொலைகாரன்" என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை. அதைவிட, பேச்சு முழுக்க உங்கள் தட்டியைப் பற்றியே ஓடும், செத்தவர்களை யாரும் பேச மாட்டார்கள். "கமிஷன் அறிக்கையில் இவர் பெயர் இருக்கிறது. இவர் பெயரை எங்கள் கூடத்துக்கு ஏன் வைக்கிறீர்கள்?" என்று எழுதுங்கள். எந்த வருஷத்து அறிக்கை என்பதையும் போடுங்கள். அவருடைய மதத்தையோ சாதியையோ இழுக்கவே இழுக்காதீர்கள். நம் பஜாரில் ஒரே வரிசையில் மலையாளத்து முஸ்லிம் இக்கா கடையும் சிலோன்காரர் கடையும் படுகர் கடையும் இருக்கின்றன. தட்டி அந்த மூன்று கடைக்கு முன்னாலும் நிற்கப்போகிறது.

தகவல் உரிமை மனு மாதிரி ஒன்று கீழே போட்டிருக்கிறேன், பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்ளுங்கள். டீக்கடை அண்ணனுக்கும் அனுப்பினேன். முழுசாகப் பார்த்தாராம். "மாலை விஷயம் சரி, ஆனா தாக்கரேவுக்கு அந்தக் கூட்டம் தானா வந்ததுன்னு நீயே ஒத்துக்கிட்டல்ல" என்கிறார். ஒத்துக்கொண்டேன். கூட்டம் தானாக வந்தது, குண்டு முழக்கிய துப்பாக்கி அரசாங்கத்துடையது என்றேன். நாளைக்குத் திரும்பப் பேசலாம் என்று டீக்குக் காசு அவரே கொடுத்தார்.