மனச்சோர்வுக்கு லீவ் போட்டால் சம்பளம்? ஈ.எஸ்.ஐ கணக்கு

குரல்:
மனச்சோர்வுக்கு ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஓய்வு சரி, வாடகையை யார் கொடுப்பது?

உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளா? சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? அப்படியானால் நோய்க்கால உதவித்தொகை மனநோய்க்கும் உண்டு. காய்ச்சலுக்கும் கைகால் முறிவுக்கும் மட்டும்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

(திரையில்: 600-இல் 70 சதவீதம் = 420)

சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் தருவார்கள். அது 600 என்றால் நாளுக்கு 420. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆக 30 நாள் லீவுக்கு 28 நாள் கணக்கு, 11,760 ரூபாய். வழக்கமான 18,000-இல் துண்டு விழுவது 6,240. கேஷுவல் லீவ் மிச்சம் இருந்தால் அந்த முதல் இரண்டு நாளுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகாதவருக்கு மருத்துவம் கிடைக்கும், பணம் வராது.

(திரையில்: மருத்துவச் சான்று, படிவம் 7)

பணம் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். தனியார் மனநல மருத்துவரின் சீட்டை மட்டும் கம்பெனியில் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் ஈ.எஸ்.ஐ கணக்கில் எதுவும் ஏறாது. லீவின் முதல் நாளே அந்தச் சீட்டோடு உங்கள் ஈ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போய் முதல் சான்று வாங்குங்கள். பிறகு ஏழேழு நாளுக்குள் ஒரு இடைச்சான்று, கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்ற சான்று. படுக்கையைவிட்டு எழவே முடியாதவரை வாராவாரம் வரச்சொல்வது கொடுமைதான். ஆனால் ஒரு வாரம் விட்டால் அந்த வாரத்துக்குப் பணம் சிக்கல். துணைக்கு ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். கோரிக்கைப் படிவம் 9-ஐச் சான்றுகளோடு ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பணம் மாதச் சம்பளம்போல் தேதி தவறாமல் வராது, அந்த மாத இ.எம்.ஐ-க்கு வேறு வழி பார்த்து வையுங்கள்.

வருடத்துக்கு உச்சவரம்பு 91 நாள். அதற்கு மேல் 80 சதவீதத்தில் நீட்டிக்கும் பட்டியலில் சைக்கோசிஸ் எனும் தீவிர மனநோய் இருக்கிறது, எல்லா மனச்சோர்வும் அதில் அடங்காது. அந்த நீட்டிப்புக்கு இரண்டு வருட வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

நிர்வாகம் ராஜினாமாக் கடிதம் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையைவிட்டு நீக்கச் சட்டம் இடம் தராது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.