ஆடியது மகன், வரி அம்மா பெயரில்

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டிப் பக்கம் வலையைப் பழுது பார்த்த நேரம் போக, மிச்சப் பொழுது கைபேசியில்தான் கழிகிறது. ஆன்லைன் ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும் அப்படித்தான் உள்ளே வந்தன. ராமநாதபுரத்தில் வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அதன் பின்விளைவுகள் என் மேசைக்கு வருகின்றன.

“அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே, இன்னும் என்ன வரி?” என்று கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது உண்மைதான். பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் அதில் தண்டனை உண்டு, ஆடியவருக்கு இல்லை. ஆனால் தடைக்கு முன்னால் ஜெயித்த பணம் அந்த வருடத்து வருமானம். தடைக்குப் பிறகு யாரோ அனுப்பிய லிங்க்கில் புகுந்து ஜெயித்தாலும் வருமானமே. வந்த வழி சட்டப்படி சரியா என்று பார்த்து வரித்துறை விட்டுவிடுவதில்லை.

வரி எவ்வளவு? நிகர வெற்றித்தொகையில் 30 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் இந்த விளையாட்டுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். வருடத்தில் 40,000 ரூபாய் போட்டு, 1,00,000 எடுத்தால், நிகரம் 60,000. பணம் எடுக்கும்போதே நிறுவனம் 18,000 பிடித்துவிட வேண்டும். எடுக்காமல் ஆப்பிலேயே விட்டு வைத்திருந்தாலும் மார்ச் 31 அன்று கணக்குப் பார்த்துப் பிடித்தாக வேண்டும். பிடித்ததோடு முடியவில்லை. வரிக்கு மேல், அந்த வரியில் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் தொகை உண்டு. அந்த 720 ரூபாயை நாம்தான் கட்ட வேண்டும். இதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதே இல்லை.

“12 லட்சம் வரை வரி இல்லைன்னாங்களே சார்” என்பது அடுத்த கேள்வி. அந்தச் சலுகை சம்பளம், வியாபாரம் போன்ற வருமானத்துக்கு. இந்த வெற்றிப் பணத்துக்கு அது கிடையாது. அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது, காப்பீட்டுப் பிரீமியக் கழிவும் கிடையாது. வேறு வருமானமே இல்லாதவருக்கும் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம்தான். அதனால் 12 லட்சம் சலுகையை நம்பி, பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம்.

படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்போம் இல்லையா? இங்கே அப்படி இல்லை. ஆட்டத்தில் போட்ட பணம் மட்டும் கழியும். அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கியிருந்தால், வட்டி கழியாது. போன வருடம் 2 லட்சம் தோற்று, இந்த வருடம் 50,000 ஜெயித்தாலும் அந்த 50,000க்கு வரி உண்டு. பழைய நட்டத்தைக் கொண்டு வந்து ஈடுகட்ட முடியாது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விட நம் கடற்கரையில் எனக்குக் கவலை தருவது வேறு. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து கருவாடு விற்கும் ஓர் அம்மா கடன் விஷயமாக வந்தார். அவருடைய பான் எண்ணைப் போட்டு, வரித்துறை வைத்திருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்தால், இணைய விளையாட்டில் வெற்றி என்று ஒரு பதிவு, பக்கத்தில் பிடித்த வரித்தொகை. “தம்பி, எனக்கு போன்ல பேச மட்டும்தான் தெரியும்” என்றார். மகனிடம் பான் அட்டை இல்லை. அம்மாவின் அட்டையையும் பாஸ்புக்கையும் வைத்து ஆப்பில் கணக்குத் திறந்திருக்கிறான். ஆடிய விரல் யாருடையது என்று அறிக்கைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பான் எண் மட்டும்.

இதில் வரியோடு போகாத சங்கடமும் உண்டு. மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய தொகை ஒன்று அம்மா பெயரில் ஏறிவிட்டால், மாதாமாதம் வரும் 1,000 ரூபாய்க்கே கேள்வி வரலாம். அவர் கண்ணால் பார்க்காத பணத்துக்காக! தம்பிமார்களே, படகில் கூட வருபவர் “உன் அக்கவுண்ட்ல போட்டு எடுத்துக்கிறேன்டா” என்றாலும் இதே கதைதான். போதாததற்கு, முறையில்லாத ஆப்களிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் யார் யாருடைய கணக்கிலிருந்தோ வருகிறது. அதில் ஒன்றின் மேல் சைபர் குற்றப் புகார் இருந்தால் உங்கள் கணக்கும் முடங்கும். தடைக்கால நிவாரணமும் அதே கணக்கில்தான் வந்து விழும்.

சரி, ஏற்கெனவே ஜெயித்தவர்கள் என்ன செய்வது? ரிட்டர்ன் படிவம் 1 இதற்கு ஆகாது. தொழில் வருமானம் இல்லாதவருக்குப் படிவம் 2, மீன் வியாபாரம் போல் தொழில் இருந்தால் படிவம் 3. முந்தைய வருடங்களில் காட்டாமல் விட்டிருந்தால், கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன் போட 4 ஆண்டு வரை வழி இருக்கிறது. முதல் ஆண்டில் கூடுதல் 25 சதவீதம், நான்காம் ஆண்டில் 70. தள்ளிப்போடப் போட ஏறும். ஆடிட்டரிடம் போகும்போது வங்கிக் கணக்கு விவரத்தோடு, ஆப்பில் பணம் போட்டது, எடுத்தது எல்லாம் உள்ள கணக்கையும் இறக்கி எடுத்துப் போங்கள். தடைக்குப் பின் பல ஆப்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அவற்றின் பக்கமே திறக்காமல் போவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். எவ்வளவு போட்டோம் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.